தி ஸ்கை இஸ் பிங்க்: அந்த வீட்டில் ஒரு மகனும் இருந்தான்

ஜூன் 8, மாலை. ஒரு வாசகர் கேட்டது

"'தி ஸ்கை இஸ் பிங்க்' நேற்றுதான் பார்த்தேன். வீட்டில் எல்லாரும் அழுதார்கள், எனக்கு வரவில்லை. லண்டனில் சிகிச்சை, பெரிய வீடு, எப்போதும் கூடவே இருக்கும் அப்பா அம்மா. இது வசதி உள்ளவர்களின் துக்கம்தானே? அதிலும் அந்தப் பெண்ணின் நோயைவிட அப்பா அம்மாவின் காதல்தான் படம் முழுக்க ஓடுகிறது. இதை நோயுற்ற குழந்தையின் படம் என்று சொல்லலாமா?"

ஜூன் 8, இரவு

படம் தெரியாதவர்களுக்கு: இது 2019இல் வந்த இந்திப் படம், நிஜக் குடும்பம் ஒன்றின் கதை. வசதி பற்றிச் சொன்னது பாதிதான் சரி. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு லண்டனுக்குப் போகும்போது அந்தத் தம்பதியிடம் சிகிச்சைக்குப் பணம் கிடையாது. அங்கே இருக்கும் ஆசியர்களுக்கான வானொலியில் அப்பா பேசி உதவி கேட்கிறார், முகம் தெரியாதவர்கள் கொடுத்த காசில்தான் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை நடக்கிறது. பெரிய வீடு எல்லாம் அப்புறம், அவர் வேலையில் மேலே மேலே போன பிறகு வந்தது.

காதல் பற்றிச் சொன்னது சரி. படம் அதை மறைக்கவும் இல்லை. கதை சொல்பவள் ஆயிஷா, அந்த நோயுற்ற மகள். தொடக்கத்திலேயே தான் இறந்துவிட்டதாகச் சொல்லிவிட்டு, அப்பா அம்மாவின் கதையைச் சொல்லத் தொடங்குகிறாள். பிரியங்கா சோப்ராவும் ஃபர்ஹான் அக்தரும் 25 வருட திருமண வாழ்க்கையை நடிக்கிறார்கள். ஆயிஷாவாக நடிக்கும் ஸைரா வசீம் அதற்குக் குரல் கொடுக்கிறார். நிஜ ஆயிஷா சௌத்ரி 1996இல் பிறந்து 2015 ஜனவரியில், 18 வயதில் இறந்தவர். பிறவியிலேயே நோய் எதிர்ப்புச் சக்தி இல்லாத எஸ்சிஐடி என்ற நோய் அவருக்கு. மஜ்ஜை மாற்றி உயிர் தப்பிய பிறகு, பதின்வயதில் நுரையீரல் இறுகத் தொடங்கிவிட்டது.

ஆனால் எனக்கு இந்தப் படம் அப்பா அம்மாவின் கதையாகவும் படவில்லை, ஆயிஷாவின் கதையாகவும் படவில்லை. நான் பார்த்தது முழுக்க அந்த அண்ணனை. இஷான். வீட்டில் அவனுக்குச் செல்லப்பெயர் ஜிராஃப். வளர்ந்த இஷானாக ரோஹித் சரஃப் நடித்திருக்கிறார். அவன் எத்தனை காட்சியில் வாசல் ஓரத்தில் நிற்கிறான், எத்தனை காட்சியில் பேசாமல் சிரிக்கிறான் என்று இன்னொரு முறை பாருங்கள். ஏன் அவனைப் பார்த்தேன் என்று நாளைக்கு எழுதுகிறேன், இப்போது நேரமாகிவிட்டது.

ஜூன் 9, காலை

என் தம்பிக்கு அப்ளாஸ்டிக் அனீமியா, அதாவது எலும்பு மஜ்ஜை ரத்தம் உண்டாக்காமல் போகும் நோய், வந்தது தொண்ணூறுகளின் நடுவில். அம்பாசமுத்திரத்தில் இருந்தோம். முதலில் காய்ச்சல், அப்புறம் காலிலும் கையிலும் அடிபடாமலே நீலப்புள்ளிகள், பல் தேய்த்தால் நிற்காத ரத்தம். "உடம்பில் ரத்தம் ஊறவே இல்லை" என்று உள்ளூர் டாக்டர் சொன்னதும் அப்பாவும் அம்மாவும் அவனைத் தூக்கிக்கொண்டு வேலூருக்கு ரயில் ஏறிவிட்டார்கள். நான் ஆச்சி வீட்டில்.

எங்கள் வீட்டில் அப்போது போன் இல்லை. எதிர்வீட்டு மாமா வீட்டுக்கு அம்மா எஸ்டிடி பூத்திலிருந்து கூப்பிடுவாள், ராத்திரியில், கட்டணம் குறைந்த பிறகு. தூக்கக் கலக்கத்தோடு ஓடுவேன். சாப்பிட்டியா, படிச்சியா, ஆச்சி சொல்றதைக் கேட்டியா, இவ்வளவுதான். அவள் கண் அங்கே பூத்தின் மீட்டரில் இருக்கும் என்று எனக்குத் தெரியும். பள்ளியில் நடந்ததைச் சொல்ல வாய் வரும், சொல்ல மாட்டேன். தம்பி அங்கே ஊசியில் கிடக்கும்போது எனக்குப் பேச்சுப் போட்டியில் பரிசு கிடைத்ததைச் சொல்வது ஏதோ தப்பு மாதிரி இருந்தது.

இந்தப் படத்தின் பெயர் எங்கிருந்து வருகிறது என்று யோசித்தீர்களா? அம்மா லண்டனில் கைக்குழந்தை ஆயிஷாவோடு இருக்கிறாள். இஷான் டெல்லியில். வானத்துக்கு பிங்க் நிறம் அடித்ததற்காக டீச்சர் திட்டிவிட்டார் என்று அந்தச் சின்னப் பையன் போனில் சொல்கிறான். உன் வானம் என்ன நிறம் என்று வேறு யாரும் சொல்ல முடியாது, உன் வானம் பிங்க் என்றால் பிங்க்தான் என்று அம்மா சொல்கிறாள். படத்தின் தலைப்பே நோயாளிப் பிள்ளைக்குச் சொன்னது இல்லை, வீட்டில் விட்டுவிட்டுப் போன பிள்ளைக்குச் சொன்னது. எனக்கு அழுகை வந்தது அங்கேதான். ஆயிஷா சாகும் இடத்தில் வரவில்லை.

ஜூன் 9, பகல்

இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்: "படத்தில் 25 சதவீதம் என்று டாக்டர் சொல்கிறாரே, நாலு பிள்ளையில் ஒன்றுக்கு வரும் என்றால், ஒரு பெண் குழந்தை ஏற்கனவே இறந்துவிட்டது, அடுத்தது தப்பியிருக்க வேண்டும்தானே?"

அப்படிக் கிடையாது. தாய், தகப்பன் இருவரும் ஒரே பழுதான மரபணுவை ஆளுக்கு ஒன்றாகச் சுமக்கிறார்கள், அவர்களுக்கு நோய் இல்லை. ஒவ்வொரு கருவும் உருவாகும்போது புதிதாகச் சீட்டுப் போடுகிறது. முன்னால் பிறந்தது யார், இறந்தது யார் என்று அதற்குத் தெரியாது. அந்த வீட்டில் தான்யா என்ற மகள் கைக்குழந்தையாகவே இதே நோயில் போய்விட்டாள். இஷானுக்கு ஒன்றும் இல்லை. ஆயிஷாவுக்கு வந்தது. எஸ்சிஐடியில் வேறு வகையும் உண்டு, அம்மா வழியாக ஆண் பிள்ளைகளுக்கு மட்டும் பெரும்பாலும் வருவது. இந்தக் குடும்பத்தில் பெண் குழந்தைகளுக்கு வந்திருக்கிறது, ஆகவே இது இரண்டு பக்கமும் வரும் வகை.

மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்திலேயே கட்டும் நம் வீடுகளில் இருவரும் ஒரே பழுதைச் சுமக்கும் வாய்ப்பு இன்னும் கூடுதல். இதைக் கல்யாணப் பேச்சில் யாரும் எடுப்பதில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் ஊரில் பிறந்த உடனே போடும் பிசிஜி உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்த தடுப்பூசி. மற்றக் குழந்தைகளுக்கு அது காப்பு, எஸ்சிஐடி குழந்தைக்கு அதுவே உடம்பெல்லாம் பரவும் தொற்றாகிவிடலாம். குடும்பத்தில் ஏற்கனவே ஒரு சிசு காரணம் தெரியாமல் தொற்றில் இறந்திருந்தால், அடுத்த பிரசவத்துக்கு முன்பே டாக்டரிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.

ஜூன் 9, இரவு

25 சதவீதம் என்றதும் எனக்கு ஞாபகம் வருவது இன்னொரு 25. ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்த இருவரின் எச்எல்ஏ, அதாவது செல்களின் மேல் இருக்கும் அடையாளக் குறிகள், முழுமையாகப் பொருந்த வாய்ப்பு நாலில் ஒன்று. மஜ்ஜை கொடுக்க உடன்பிறந்தவர்களை முதலில் தேடுவது அதனால்தான்.

என்னையும் வேலூருக்கு அழைத்துப் போனார்கள். காந்தி ரோட்டுப் பக்கம் ஒரு லாட்ஜ். அறைக்குள்ளேயே ஸ்டவ் வைத்துச் சமையல், அடுத்த அறையில் கல்கத்தாவிலிருந்து வந்த குடும்பம், படிக்கட்டில் பெங்காலியும் இந்தியும். தம்பியைப் பார்க்கப் போகிறேன் என்ற சந்தோஷத்தில் இருந்தேன். ரத்தம் எடுத்தார்கள். எதற்கு என்று யாரும் சொல்லவில்லை. சில நாள் கழித்து அப்பா வராந்தாவில் நின்று யாரிடமோ, "பிள்ளைக்கு மேட்ச் ஆகலை" என்றார். நான் அதை என்னைப் பற்றிச் சொன்னதாக எடுத்துக்கொண்டேன். பரீட்சையில் தோற்றேன் என்று. யாரும் என்னைத் திட்டவில்லை, ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் இன்னும் மோசம், திட்டியிருந்தால் அழுதிருக்கலாம். ஆச்சியோடு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

கல்லூரியில் உயிரியல் படித்த பிறகுதான் அது நாலுக்கு மூன்று முறை நடக்கும் சாதாரண விஷயம் என்று தெரிந்தது. அந்த இடைப்பட்ட வருடங்கள் முழுக்க, தம்பியோடு சண்டை வந்தால் நான்தான் முதலில் விட்டுக்கொடுப்பேன்.

ஜூன் 10

"உடன்பிறந்தவர் கொடுத்தால் பிழைத்துவிடுவார்களா?" என்று கேட்டவருக்கு.

1968இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ராபர்ட் குட் என்ற மருத்துவர் எஸ்சிஐடி உள்ள ஓர் ஆண் குழந்தைக்கு மஜ்ஜை மாற்றிக் காப்பாற்றினார். கொடுத்தது அந்தக் குழந்தையின் அக்கா. டெக்சாஸில் டேவிட் வெட்டர் என்ற பையன், 1971இல் பிறந்தவன், கிருமி அண்டாத பிளாஸ்டிக் கூடாரத்துக்குள்ளேயே வளர்ந்தவன். இந்த நோய்க்கு குமிழிப் பையன் நோய் என்று பெயர் வந்ததே அவனால்தான். அவனுக்கும் அக்காவின் மஜ்ஜையைத்தான் வைத்தார்கள். முழுப் பொருத்தம் இல்லை. அந்த மஜ்ஜையில் எப்ஸ்டீன்-பார் வைரஸ் மறைந்திருந்தது, நம்மில் பெரும்பாலோர் உடம்பில் சத்தமில்லாமல் இருக்கும் கிருமிதான். அதிலிருந்து புற்றுநோயாகி 1984 பிப்ரவரியில், 12 வயதில் இறந்துபோனான்.

இந்த இரண்டு அக்காமார்களையும் நான் அடிக்கடி நினைப்பேன். ஒருத்தி தம்பியைக் காப்பாற்றியவள். இன்னொருத்தியும் அதே அன்போடுதான் கொடுத்தாள். அவர்களைப் பற்றி இந்தி, தமிழ், ஆங்கிலம் எதிலும் ஒரு படத்தை நான் பார்க்கவில்லை.

ஜூன் 11

"'அஞ்சலி'யை மறந்துவிட்டீர்களே" என்று ஒருவர் உரிமையோடு கேட்டிருக்கிறார். மறக்கவில்லை, எழுத இடம் வரட்டும் என்றிருந்தேன்.

1990இல் வந்த அந்தத் தமிழ்ப் படம், நோயுற்ற பிள்ளையின் கூடப்பிறந்தவர்களைக் கதைக்கு நடுவில் வைத்தது. இந்த அளவுக்கு அதைச் செய்த வேறு இந்தியப் படம் எனக்குத் தெரியவில்லை. புதிதாக வீட்டுக்கு வந்த தங்கையைப் பார்த்து அந்தப் பையனுக்குக் கோபம், வெட்கம், தெருப்பிள்ளைகள் கேலி செய்தால் முதலில் அவள் மேல் எரிச்சல், அப்புறம்தான் அவளுக்காகச் சண்டை. அந்த வரிசை அப்படியே உண்மை. பாசம் முதலில் வராது, எரிச்சல்தான் முதலில் வரும். தருண், ஸ்ருதி, ஷாம்லி மூன்று பேருக்கும் சேர்த்துத் தேசிய விருது கொடுத்தார்கள், நோயாளிப் பிள்ளைக்கு மட்டும் கொடுக்கவில்லை. எனக்கு அது ரொம்பப் பிடித்தது.

2009இல் வந்த இந்திப் படம் 'பா'வை எடுத்துக்கொள்ளுங்கள். பால்கி, பி.சி. ஸ்ரீராம், இளையராஜா என்று பாதி நம் ஊர்ப் படம். புரோஜீரியா வந்து 12 வயதிலேயே முதுமை அடைந்த ஆரோவாக அமிதாப் பச்சன். ஆரோ குறும்புக்காரன், தன்னைப் பரிதாபமாகப் பார்ப்பதை ஒத்துக்கொள்ள மாட்டான், அதற்காக அந்தப் படத்தை மதிக்கிறேன். ஆனால் கடைசியில் அவனுடைய வேலை பிரிந்துபோன அப்பா அம்மாவைச் சேர்த்துவைப்பது என்று ஆகிவிடுகிறது. நோயாளிப் பிள்ளை பெரியவர்களைச் சேர்த்துவைத்துவிட்டுப் போக வேண்டும் என்று நம் சினிமாவில் எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது. 'ஸ்கை இஸ் பிங்க்' அதைச் செய்யவில்லை. அங்கே பிள்ளையின் நோய் அப்பா அம்மாவைச் சேர்த்தும் வைக்கிறது, பிரித்தும் போடுகிறது, ஆயிஷா போன பிறகு இருவரும் ஒரே வீட்டில் ஆளுக்கொரு திசையில் நிற்கிறார்கள்.

ஜூன் 12

தம்பி இதையெல்லாம் படித்துவிட்டுக் கூப்பிட்டான். அவனுக்கு மேட்ச் கிடைக்காததால் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஏடிஜி ஊசியும் சைக்ளோஸ்போரின் மாத்திரையும் கொடுத்துத்தான் மஜ்ஜையை மறுபடி வேலை செய்ய வைத்தார்கள். ஏடிஜி என்பது குதிரையின் ரத்தத்திலிருந்து எடுப்பது. ஊருக்குத் திரும்பி வந்ததும், தனக்குக் குதிரை ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள், தன்னை ஓட்டத்தில் யாரும் முந்த முடியாது என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். மாத்திரையால் ஈறு வீங்கி, கை காலெல்லாம் முடி வளர்ந்திருக்கும், அதைப் பற்றிக் கவலையே படமாட்டான். இப்போது கோவையில் வேலை, இரண்டு பிள்ளைகள்.

அவன் சொன்னது: "அக்கா, நீ இஷானையே பாத்துட்டு இருந்துட்ட. ஆயிஷா ஏன் எப்பவும் ஜோக் அடிக்கறான்னு பாத்தியா? எல்லாரும் நம்ம மூஞ்சியவே பாத்துட்டு இருக்கறப்ப நாம சிரிச்சாதான் அவங்களுக்குச் சோறு இறங்கும். அம்மா சாப்பிடணும்னுதான் நான் அந்தக் குதிரைக் கதையையே முதல்ல வார்டுல எடுத்து விட்டேன்."

இத்தனை வருடத்தில் அவன் இதை என்னிடம் சொன்னதில்லை. அவனுக்குத்தான் எல்லாக் கவனமும் போகிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்த நாளில், அந்தக் கவனத்தைத் தாங்குவது அவனுக்கு ஒரு வேலையாக இருந்திருக்கிறது. இது தெரிந்த பிறகு ஆயிஷாவின் குரல் எனக்கு வேறு மாதிரி கேட்கிறது. செத்துப்போன பெண் இவ்வளவு கலகலப்பாகப் பேசுவது செயற்கையாக இருக்கிறது என்று நேற்றுவரை நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை, அவள் இன்னமும் அப்பா அம்மாவைச் சாப்பிட வைக்கத்தான் பேசிக்கொண்டிருக்கிறாள்.

ஜூன் 13

ஸைரா வசீம் நடிப்பை விட்டுவிட்டாரா என்று கேட்டவருக்கு: ஆம், அதை அவர் அறிவித்தது 2019 ஜூன் கடைசியில், படம் வந்தது அக்டோபரில். இதுவே அவருடைய கடைசிப் படம். அவருடைய முடிவைப் பற்றி இங்கே விவாதம் வேண்டாமே.

ஜூன் 15

முதல் கேள்வி கேட்டவர் மறுபடி வந்திருக்கிறார்: "அண்ணன், தங்கை எல்லாம் சரி. அப்பா அம்மாவின் காதலுக்கு இவ்வளவு இடம் எதற்கு?"

இதை நானும் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். இயக்குநர் சொனாலி போஸ் 2010இல் தன் மகனை இழந்தவர், அவனுக்கு அப்போது 16 வயது. பிள்ளை போன வீட்டில் கணவன் மனைவிக்குள் என்ன நடக்கும் என்பதை அவர் வெளியிலிருந்து பார்த்து எழுதவில்லை. படத்தில் அம்மா அதிதி பிடித்துக்கொண்டே இருக்கிறாள், அப்பா நிரேன் விடவேண்டியதை விடலாம் என்கிறான், இருவருக்கும் அன்பு ஒரே அளவுதான். அந்தச் சண்டைகள் எனக்கு ரொம்பப் பழக்கமானவை. எங்கள் அம்மா வேலூரிலேயே இன்னும் இருக்கலாம் என்றாள், அப்பா கடனைப் பற்றிப் பேசினார், அம்மா அதற்காக அவரோடு வெகுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிள்ளைக்கு நோய் என்றால் அந்த வீட்டின் கல்யாணமும் ஐசொலேஷன் வார்டுக்குள் போய்விடுகிறது. வாசலில் நின்று பார்த்த எனக்கு அப்போது அது புரியவில்லை, அவர்கள் சண்டைக்குக் காரணம் மேட்ச் ஆகாத நான்தான் என்று நினைத்தேன்.

ஆகவே காதலுக்கு இடம் கொடுத்ததில் எனக்குக் குறை இல்லை. நீளம்தான் குறை. லண்டன், டெல்லி, பழையது, புதியது என்று முன்னும் பின்னும் தாவுவதில் பத்துப் பதினைந்து நிமிடத்தை வெட்டி, அதை இஷானுக்குக் கொடுத்திருக்கலாம். தங்கை சாகப்போகிறாள் என்று தெரிந்த அண்ணன் தன் அறையில் தனியாக என்ன செய்கிறான் என்று ஒரே ஒரு காட்சி போதும்.

ஜூன் 18

நேற்று ஒரு வாசகி எழுதியது இது: "என் தங்கை மகளுக்கு லுக்கீமியா, ரத்தப் புற்றுநோய். தங்கையும் அவள் வீட்டுக்காரரும் சென்னையில் ஆஸ்பத்திரியோடு இருக்கிறார்கள். மூத்த பையன், ஒன்பது வயது, எங்கள் வீட்டில் இருக்கிறான். ரொம்ப நல்ல பிள்ளை, ஒன்றும் கேட்பதில்லை. இந்தப் படத்தை அவனுக்குக் காட்டலாமா?"

காட்டாதீர்கள் அம்மா, இப்போது வேண்டாம். படத்தில் பிள்ளை இறந்துபோகிறாள், உங்கள் வீட்டுப் பெண் பிழைக்கப்போகிறாள் என்றுதான் அவன் நம்பிக்கொண்டிருக்கிறான். பிள்ளைகளுக்கு வரும் லுக்கீமியாவில் பெரும்பங்கு இன்று குணமாகிறது, அதை அவனுக்குச் சொல்லுங்கள். அவன் ஒன்றும் கேட்பதில்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. ஒன்றும் கேட்காத நல்ல பிள்ளையாகத்தான் நானும் இருந்தேன்.

என்னைக் கேட்டால் இதைச் செய்யுங்கள். அப்பா அம்மாவோடு பேசும்போது அவனைத் தன் தங்கையோடும் வீடியோவில் பேசவிடுங்கள், சின்னப் பிள்ளைகளை வார்டுக்குள் பெரும்பாலும் விடமாட்டார்கள். அம்மாவிடம் முதலில் அவன் பள்ளிக்கூடக் கதையைச் சொல்லட்டும், பிறகு ஆஸ்பத்திரிக் கதை. அவன் தங்கைக்கு இது அவனால் வரவில்லை, அவன் அவளை அடித்ததாலோ சண்டை போட்டதாலோ வரவில்லை, அவனுக்கும் இது ஒட்டாது என்று அவன் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். எல்லா லுக்கீமியாவுக்கும் மஜ்ஜை மாற்றுத் தேவைப்படாது. ஒருவேளை தேவைப்பட்டு அவனுக்கு ரத்தம் எடுத்தால், எதற்கு எடுக்கிறார்கள் என்று ஊசி போடும் முன்பே சொல்லிவிடுங்கள். பொருந்துவது நாலில் ஒன்றுதான், பொருந்தாவிட்டால் வேறு வழி இருக்கிறது, அது மார்க் இல்லை என்று அன்றைக்கே, முடிவு வந்த அன்றைக்கே, அப்பா வாயால் சொல்லச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரியில் சமூகப் பணியாளர் இருப்பார், மூத்த பையனிடமும் ஒருமுறை பேச முடியுமா என்று உங்கள் தங்கையைக் கேட்கச் சொல்லுங்கள். அப்புறம் அவனுக்கு என்ன வரையப் பிடிக்கும், எந்த விளையாட்டு பிடிக்கும் என்று எனக்கும் எழுதுங்கள்.